அமெரிக்காவில் அக்குபஞ்சர், சீன மூலிகை மருத்துவம் படிக்கலாமா?

டெக்சஸிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

வயது முப்பதுகளின் நடுவில். தமிழ்நாட்டில் பிசியோதெரபி பட்டம் பெற்று, சில ஆண்டுகள் மருத்துவமனையில் வேலை பார்த்தவர். ஊரில் இருந்தபோதே ஞாயிறு வகுப்புகளாக ஓராண்டு அக்குபஞ்சர் டிப்ளமோவும் முடித்திருக்கிறார். அம்மாவின் ஒற்றைத் தலைவலி அந்த ஊசியில் குறைந்ததைக் கண்ணால் பார்த்தது முதல் இந்த மருத்துவத்தின்மீது அவருக்குத் தீராத பிடிப்பு. திருமணத்துக்குப் பின் கணவரின் எச்-1பி வேலையோடு அமெரிக்கா வந்தார். இப்போது இருப்பது எச்-4, அதாவது எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைவருக்கான விசா. கணவரின் க்ரீன் கார்டுக்காக நிறுவனம் தரும் ஐ-140 மனு ஒப்புதல் ஆகிவிட்டது, க்ரீன் கார்டுக்கான வரிசைதான் நகரவில்லை. பள்ளி செல்லும் வயதில் இரண்டு குழந்தைகள்.

அக்குபஞ்சரும் சீன மூலிகை மருத்துவமும் சேர்ந்த நான்காண்டு மாஸ்டர்ஸ் படிப்பில் சேர ஒரு கல்லூரி அழைத்திருக்கிறது. கட்டணம் 95,000 டாலர். “பெரும்பகுதி ஆன்லைன்தான், கல்விக்கடனும் கிடைத்துவிடும்” என்று தொலைபேசியில் பேசியவர் சொன்னாராம். கணவருக்கு அடுத்த ஆண்டு கலிபோர்னியாவுக்கு மாற்றல் வரக்கூடும். “டிப்ளமோவுக்குக் கிரெடிட் கிடைக்குமா? மாஸ்டர்ஸ் போதுமா, டாக்டரேட் படித்தால் டாக்டர் என்று போட்டுக்கொள்ளலாமா? இப்போதைக்கு ஊசி மட்டும் படித்துவிட்டு, மூலிகையை அப்புறம் ஆன்லைனில் பார்த்துக்கொள்ளலாமா?” என்று கேட்கிறார். கடிதத்தின் கடைசியில் இன்னொன்றும் இருக்கிறது: வீட்டுக்கு வரும் தோழிகளுக்கு இப்போதே ஊசி போடுகிறாராம். பணம் வாங்குவதில்லையாம்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். இன்று முதல் தோழிகளுக்கு ஊசி போடுவதை நிறுத்திவிடுங்கள். காசு வாங்கவில்லை என்பது இங்கே உங்களைக் காப்பாற்றாது. லைசென்ஸ் இல்லாமல் இன்னொருவர் உடலில் ஊசி செலுத்துவது டெக்சஸில் சட்டப்படி குற்றம். அக்குபஞ்சர் ஊசி இந்நாட்டில் மருத்துவ உபகரணம். தகுதி பெற்ற அக்குபஞ்சர் சிகிச்சையாளர்களின் பயன்பாட்டுக்கு மட்டுமே விற்கலாம் என்று அதன் பெட்டியிலேயே அச்சடித்திருக்கும். நாளைக்கு நீங்கள் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கும்போது இப்படி ஒரு புகார் உங்கள் பெயரில் இருந்தால், நான்கு வருடப் படிப்பு வாசலிலேயே நின்றுவிடும். விசாவில் இருப்பவருக்கு அதற்கு மேலும் சிக்கல் உண்டு.

சட்டத்தை விட்டுவிட்டு உடலைப் பார்ப்போம். நான் லைசென்ஸ் பெற்ற அக்குபஞ்சரிஸ்ட். மாணவர் கிளினிக்கில் மேற்பார்வையும் பார்க்கிறேன். தோள்பட்டை வலி என்று வரும் நோயாளிக்கு எந்த மாணவரின் கையும் முதலில் போகிற இடம், கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவே உள்ள ஜியான்ஜிங் புள்ளி. அழுத்தினாலே சுகமாக இருக்கும். ஆனால் அதன் அடியில் இருப்பது நுரையீரலின் மேல்முனை. அங்கே நேராக ஆழமாக இறக்கினால் நுரையீரல் உறை கிழிந்து காற்று புகுந்துவிடலாம். மெலிந்த உடலில் அந்த இடைவெளி இன்னும் குறைவு. அதனால் தசையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு, சாய்வாக, மேலோட்டமாக மட்டுமே இறக்கச் சொல்லிக்கொடுக்கிறோம். எத்தனை ஊசி குத்தினோம் என்று எழுதிவைத்து, எடுக்கும்போது எண்ணிச் சரிபார்க்கிறோம். ஞாயிறு வகுப்பில் புள்ளிகளின் பெயர்களை நீங்கள் நன்றாகவே கற்றிருப்பீர்கள். மேற்பார்வையாளர் பக்கத்தில் நின்று கையைத் தடுத்து நிறுத்தும் பயிற்சி அங்கே கிடைத்திருக்காது.

சரி, இப்போது படிப்புக்கு வருவோம். கல்லூரியைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு மாநிலத்தைப் பற்றி யோசிக்கலாம் என்று நினைக்கிறீர்கள். அந்த வரிசையை மாற்றுங்கள். அமெரிக்காவில் அக்குபஞ்சர் லைசென்ஸை மத்திய அரசு தருவதில்லை. ஒவ்வொரு மாநிலமும் தன் விதிப்படி தருகிறது. எங்கே தொழில் செய்யப்போகிறீர்கள் என்பது தெரிந்தால்தான் எந்தப் படிப்பு, எத்தனை மணிநேரம், எந்தத் தேர்வு என்பதைச் சொல்ல முடியும்.

டெக்சஸா, கலிபோர்னியாவா

பெரும்பாலான மாநிலங்கள் தேசியச் சான்று வாரியத்தின் தேர்வுகளை ஏற்கின்றன. என்.சி.சி.ஏ.ஓ.எம். என்ற பெயரில் பலரும் அறிந்த அமைப்பு அது. அடிப்படைக் கோட்பாடு, புள்ளிகளும் ஊசி முறையும், நவீன உயிர்மருத்துவம், சீன மூலிகை எனத் தேர்வுகள் தனித்தனியாக இருக்கும். தொற்றில்லாமல் ஊசி போடும் முறைக்குத் தனிப் பயிற்சியும் முடிக்க வேண்டும்.

கலிபோர்னியா வேறு. அங்கே மாநில அக்குபஞ்சர் வாரியம் தனக்கென்று ஒரு லைசென்ஸ் தேர்வு வைத்திருக்கிறது. பாடத்திட்டம் குறைந்தது 3,000 மணிநேரம் இருக்க வேண்டும்: 2,050 மணிநேரம் வகுப்பு, 950 மணிநேரம் கிளினிக். மூலிகைப் பாடம் அதற்குள்ளேயே கட்டாயம். அந்தப் பாடத்திட்டத்தை வாரியமே ஒப்புக்கொண்டிருக்கவும் வேண்டும். அக்குபஞ்சர் கல்லூரிப் படிப்புகளுக்கு நாடு முழுவதற்குமான அங்கீகார ஆணையம் (ஏ.சி.ஏ.எச்.எம்.) நீண்டகாலமாகப் பின்பற்றிவரும் குறைந்தபட்ச அளவோ இதைவிடச் சிறியது: ஊசி மட்டும் என்றால் மூன்று கல்வியாண்டுகள், 1,905 மணிநேரம், மூலிகையும் சேர்ந்தால் நான்கு கல்வியாண்டுகள், 2,625 மணிநேரம். ஆக, தேசிய அங்கீகாரம் பெற்ற ஒரு கல்லூரியில் முழுதாகப் படித்து முடித்தவருக்குக்கூடக் கலிபோர்னியாவில் சில நூறு மணிநேரம் குறையலாம். கணவருக்கு மாற்றல் வரலாம் என்ற ஒரு வரியை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் முடிவில் பாதி அந்த வரியில்தான் இருக்கிறது.

டெக்சஸிலேயே இருந்துவிடுவதானால் வேறு ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே நாள்பட்ட வலி போன்ற சில விதிவிலக்குகள் தவிர, அந்தப் பிரச்சினைக்காக நோயாளி ஏற்கெனவே ஒரு மருத்துவரைப் பார்த்திருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. கலிபோர்னியாவில் நோயாளி நேரடியாக உங்களிடம் வரலாம். படிப்பு ஒன்றாகவே இருந்தாலும் செய்யும் தொழில் இரண்டு மாநிலங்களிலும் ஒன்றல்ல.

கடன் கிடைக்கும் என்று சொன்னது

உங்களுக்குக் கிடைக்காது. மத்திய அரசின் கல்விக்கடன் குடிமக்கள், க்ரீன் கார்டு வைத்திருப்பவர்கள், இன்னும் சில வரையறுக்கப்பட்ட பிரிவினருக்குத்தான். எச்-4 அதில் சேராது. தொலைபேசியில் பேசியவர் உங்கள் விசாவைக் கேட்காமலே சொல்லியிருக்கலாம். மீதி வழி தனியார் வங்கிக் கடன். அதற்குப் பெரும்பாலும் குடிமகன் அல்லது க்ரீன் கார்டு உள்ள ஒருவர் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். உறவினர் யாரையாவது அதில் இழுக்கும் முன் நூறு முறை யோசியுங்கள்.

படிப்பு முடிவதற்குள் க்ரீன் கார்டு வந்துவிட்டால்? அப்போதும் நிலைமை பழையபடி இல்லை. 2025 ஜூலையில் வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் முதுநிலை மாணவர்களுக்குக் கிராட் பிளஸ் என்ற மத்திய அரசுக் கடன் கிடையாது. பொதுவான உச்சவரம்பு ஆண்டுக்கு 20,500 டாலர், மொத்தம் 1,00,000 டாலர். 95,000 டாலர் கட்டணம், புத்தகம், தேர்வுக் கட்டணம், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் செலவு என்று கூட்டிப் பார்த்தால் கையிலிருந்து எவ்வளவு போகும் என்பது உங்களுக்கே தெரியும்.

விசாவில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. எச்-4 விசாவில் இருந்தபடியே முழுநேரம் படிக்கலாம். எப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாறியே ஆக வேண்டும் என்பதில்லை. ஐ-140 ஒப்புதல் இருப்பதால் எச்-4 வேலை அனுமதிக்கும் நீங்கள் விண்ணப்பிக்கலாம். லைசென்ஸ் வந்த பிறகு சொந்தமாகக் கிளினிக் வைப்பதும் வேலைதான். அந்த அனுமதி இல்லாமல் செய்யக்கூடாது. கிளினிக் பயிற்சிக் காலம், கணவர் வேலை மாறினால் உங்கள் நிலை, குழந்தைகளின் வயது, எல்லாவற்றையும் ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடுங்கள். அந்தக் கட்டணம் வீண் போகாது.

டிப்ளமோவும் பிசியோதெரபியும்

அக்குபஞ்சர் டிப்ளமோவுக்குக் கிரெடிட் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இந்தியாவில் 2019ல் மத்திய சுகாதார அமைச்சகம் அக்குபஞ்சரைத் தனி மருத்துவ முறையாக ஏற்றது உண்மை. அதற்காக வார இறுதி டிப்ளமோ இங்கே படிப்பு மணிநேரக் கணக்கில் சேராது.

பிசியோதெரபி பட்டத்தை நீங்கள் குறைத்து மதிப்பிட்டிருக்கிறீர்கள். உடற்கூறியல், உடலியங்கியல், நோய்க்குறியியல் என்று நீங்கள் படித்த பாடங்களை ஒரு சான்று மதிப்பீட்டு நிறுவனத்தின் மூலம் மதிப்பிட்டால், உயிர்மருத்துவப் பாடங்களில் ஒரு பகுதிக்குக் கல்லூரி விலக்கு தரக்கூடும். எந்தெந்தப் பாடம், எத்தனை கிரெடிட், எவ்வளவு கட்டணம் குறையும் என்று எழுத்தில் கேளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒரு வழியும் உண்டு. உங்கள் பட்டத்தை எப்.சி.சி.பி.டி. போன்ற அமைப்பில் மதிப்பிட்டு, குறையும் பாடங்களை முடித்து, தேசியத் தேர்வு எழுதி இங்கே பிசியோதெரபிஸ்ட் ஆகலாம். சம்பள வேலை கிடைக்கும், காப்பீடும் பணம் தரும். டெக்சஸில் பிசியோதெரபிஸ்ட்கள் உரிய பயிற்சியோடு ட்ரை நீட்லிங் செய்கிறார்கள். தசை முடிச்சுகளில் ஊசி போடும் முறை அது. கலிபோர்னியாவில் பிசியோதெரபிஸ்ட்களுக்கு அந்த அனுமதி இல்லை. அது அக்குபஞ்சர் ஆகாது என்பதும், உங்கள் ஆசை அதில் முழுதாக நிறைவேறாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் வீட்டுக்கு இரண்டாவது வருமானம் அவசரமாகத் தேவை என்றால் இந்த வழிதான் உங்களைச் சீக்கிரம் நிலைக்குக் கொண்டுவரும். சில ஆண்டுகள் கழித்து அக்குபஞ்சர் படிப்பதை இது தடுக்காது.

மூலிகையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாமா

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஊசிதான் ஆபத்து, மூலிகை இயற்கைதானே என்ற எண்ணம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. எங்கள் துறையில் பெரிய விபத்துகள் மூலிகையில்தான் நடந்திருக்கின்றன.

1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் எடை குறைக்கும் ஒரு கிளினிக்கில், ஃபாங் ஜி என்ற மூலிகைக்குப் பதிலாக, பெயரில் அதை ஒத்த குவாங் ஃபாங் ஜி மாத்திரைகளில் கலந்துவிட்டது. அதில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருந்தது. சுமார் நூறு பெண்களின் சிறுநீரகம் பாழானது. பலருக்கு மாற்றுச் சிறுநீரகம் வைக்க வேண்டியிருந்தது, பின்னாளில் சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. நம் ஊர் ஆடுதீண்டாப்பாளையும் அந்தப் பேரினத்தைச் சேர்ந்ததுதான். இன்னொன்று மா ஹுவாங். சளிக்கும் மூச்சிரைப்புக்கும் மருத்துவர்கள் அளவாகக் கொடுத்துவந்த செடியை எடை குறைக்கும் மாத்திரையாக்கி விற்றார்கள். மாரடைப்பு, பக்கவாதம் என்று புகார்கள் குவிந்து, அதில் உள்ள எபிட்ரின் சேர்ந்த துணைஉணவுகளை 2004ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் தடை செய்தது.

ஃபூட்ஸு என்ற வேரை எடுத்துக்கொள்ளுங்கள். அது நம் நாபியின் உறவு. சித்த மருத்துவத்தில் நாபியைச் சுத்தி செய்யாமல் யாரும் தொடமாட்டார்கள் அல்லவா? சீனத்திலும் அதைப் பதப்படுத்தி, மற்ற சரக்குகளைச் சேர்க்கும் முன் தனியாக நெடுநேரம் கொதிக்கவைக்கிறார்கள். அந்த நேரத்தைக் குறைத்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். இதையெல்லாம் படித்து மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர் ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையைத் தினமும் சாப்பிடுகிறவர் என்றால், டான் ஷென், டாங் குவாய் என்ற மூலிகைகள் அவருக்கு ரத்தக் கசிவை உண்டாக்கலாம் என்று அந்த நிமிடத்தில் நினைவுக்கு வர வேண்டும். அவர் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்க்கும் பழக்கம் கையோடு வர வேண்டும். அது கிளினிக்கில்தான் வரும். முந்நூறுக்கு மேற்பட்ட சரக்குகள், அவற்றின் கூட்டுகள், ஒன்றோடொன்று சேரக்கூடாதவை என்று 450 மணிநேரம் பாடத்துக்கே போகிறது. கிளினிக் நேரம் தனி.

ஆகவே மூலிகை வேண்டும் என்றால் ஊசியோடு சேர்த்து, மேற்பார்வையில், முழுதாகப் படியுங்கள். வேண்டாம் என்றால் மூன்றாண்டுப் படிப்போடு நில்லுங்கள். ஆனால் கலிபோர்னியா அதை ஏற்காது என்பதை மறந்துவிட வேண்டாம்.

டாக்டரேட்

லைசென்ஸைப் பொறுத்தவரை மாஸ்டர்ஸ் படித்தவருக்கும் தொழில்முறை டாக்டரேட் படித்தவருக்கும் செய்ய அனுமதிக்கப்பட்ட வேலை ஒன்றே. கற்பித்தல், மருத்துவமனை வேலை இவற்றில் டாக்டரேட் சிறிது உதவலாம். பெயருக்கு முன் டாக்டர் என்று போடும்போது எதில் டாக்டர் என்பதையும் சேர்த்தே காட்ட வேண்டும். மாநில விதியைப் படித்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு சொல்லுக்காக மட்டும் கூடுதல் பணம் கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வருமானமும் நம்பிக்கையும்

படித்து முடித்தவர்களில் பெரும்பாலோர் சொந்தமாகத் தொழில் செய்கிறார்கள். நோயாளிகள் சேரச் சில ஆண்டுகள் பிடிக்கும். கல்லூரிகள் காட்டும் அரசுச் சம்பளப் புள்ளிவிவரத்தில் சொந்தத் தொழில் செய்வோர் சேர்க்கப்படுவதில்லை என்பதைக் கவனியுங்கள். முதியோருக்கான மத்திய அரசுக் காப்பீடான மெடிகேர் 2020 ஜனவரி முதல் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு அக்குபஞ்சருக்குப் பணம் தருகிறது: 90 நாளில் 12 முறை, குணம் தெரிந்தால் மேலும் 8, ஆண்டுக்கு 20க்கு மேல் இல்லை. ஆனால் அக்குபஞ்சரிஸ்ட் தன் பெயரில் மெடிகேருக்குப் பில் போட முடியாது. ஒரு மருத்துவரின் மேற்பார்வை ஏற்பாடு வேண்டும்.

இன்னொரு விஷயத்தை வருத்தத்தோடு சொல்கிறேன். “சர்க்கரை நோய் முதல் குழந்தையின்மை வரை எல்லாம் இதில் குணமாகும், ஆங்கில மருந்தை நிறுத்திவிடலாம்” என்று உங்கள் டிப்ளமோ ஆசிரியர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். நாள்பட்ட வலியில் அக்குபஞ்சருக்கு நல்ல ஆதாரம் உண்டு. 39 ஆய்வுகளையும் 20,000க்கு மேற்பட்ட நோயாளிகளையும் சேர்த்து 2018ல் வெளியான தொகுப்பாய்வு, முதுகு, கழுத்து, முழங்கால் வலியிலும் தலைவலியிலும் பயன் இருப்பதைக் காட்டியது. போலி ஊசியோடு ஒப்பிடும்போது அந்த வித்தியாசம் சிறியது என்பதையும் அதுவே காட்டியது. உங்கள் அம்மாவின் தலைவலி குறைந்ததை நான் நம்புகிறேன். அதைக் கொண்டு யாரிடமும் இன்சுலினை நிறுத்தச் சொல்ல முடியாது. நல்ல கல்லூரி ஒன்றில், எப்போது ஊசியை வைத்துவிட்டு நோயாளியை அவசரப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும் என்பதும் தேர்வுப் பாடம்.

இனி செய்ய வேண்டியது

முதலில் கணவரோடு உட்கார்ந்து மாற்றல் விஷயத்தை ஒரு முடிவுக்குக் கொண்டுவாருங்கள். முடியாவிட்டால், கலிபோர்னியா வாரியம் ஒப்புக்கொண்ட பாடத்திட்டம் உள்ள கல்லூரிகளை மட்டும் பாருங்கள். ஆனால் டெக்சஸின் தேவைகளையும் அந்தப் படிப்பு நிறைவு செய்கிறதா என்று டெக்சஸ் மருத்துவ வாரியத்திடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

அப்புறம் கல்லூரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசி வேண்டாம். ஏ.சி.ஏ.எச்.எம். என்ற அங்கீகார ஆணையத்தில் உங்கள் படிப்பின் நிலை என்ன, முழு அங்கீகாரமா, இன்னும் பரிசீலனையிலா? கடந்த சில ஆண்டுகளில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேர் லைசென்ஸ் தேர்வில் தேறினார்கள்? ஆன்லைன் போக, நேரில் வர வேண்டிய மணிநேரம் எவ்வளவு, கிளினிக் முறைகள் எந்தெந்தக் கிழமை, மாலையா வார இறுதியா? கிளினிக் நேரத்தை ஆன்லைனில் முடிக்க வழியே இல்லை. இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு அந்த மாலைகளை எப்படிச் சமாளிப்பது என்பது வீட்டில் பேச வேண்டிய விஷயம். கல்லூரி நடுவில் மூடப்பட்டால் மாணவர்களுக்கு என்ன ஏற்பாடு என்றும் கேளுங்கள். அது அநாகரிகமான கேள்வி இல்லை. போர்ட்லண்டில் 1983 முதல் இயங்கிய, துறையில் நல்ல பெயர் பெற்ற ஓரிகன் காலேஜ் ஆஃப் ஓரியண்டல் மெடிசின் 2024ல் மூடப்பட்டது. மாணவர் எண்ணிக்கை குறைந்து பல கல்லூரிகள் தடுமாறுகின்றன.

பதில்கள் வரும்வரை முன்பணம் எதுவும் கட்டாதீர்கள். அதற்குள் ஒரு நாள் அந்தக் கல்லூரியின் மாணவர் கிளினிக்குக்கு நோயாளியாகப் போய்வாருங்கள். கட்டணம் வெளியில் உள்ளதைவிடக் குறைவாக இருக்கும். நீங்கள் சாப்பிடும் மருந்துகளைக் கேட்டு எழுதுகிறார்களா, மேற்பார்வையாளர் உள்ளே வந்து தானே நாடி பார்க்கிறாரா, வாசலில் நின்று தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகிறாரா, ஊசிகளை எண்ணி எடுக்கிறார்களா என்று கவனியுங்கள். பார்த்ததையும் கல்லூரியின் பதில்களையும் எழுதி அனுப்பினால், இரண்டையும் வைத்துக்கொண்டு மேலே பேசலாம்.